தரைக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

புரோக்கன் ஹில்லில் தெருக்களுக்குத் தாதுக்களின் பெயர்.
ஆக்சைடு, சல்ஃபைடு, குளோரைடு.
என் வீடு ஐயோடைடு தெருவில்.
இரவெல்லாம் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் பார்த்துவிட்டு
காலையில் அங்கே திரும்பும்போது
வேலை இன்னும் முடியாதது போலிருக்கும்.

வண்டியை இரண்டு பேருக்காக வாங்கினோம்.
காலை முன்னே நீட்டி
ஈஸிசேரில் கிடப்பதுபோல் ஓட்டுகிற வண்டி.
இருநூற்று நாற்பது கிலோ.
குரோமியத்துக்கு மேலேயும் குரோமியம்.
பின்சீட்டின் முதுகுச் சாய்மானம் மட்டும்
சபேசன் கேட்டு வைத்தது.
அடிலெய்டு வரை ஐந்நூறு கிலோமீட்டர்
சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவான்.
அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று முட்டினால்
யுன்டாவில் டீக்கு நிறுத்த வேண்டும்.

சபேசன் இப்போது மெல்பர்னில். நலம்.
மாதம் ஒரு தடவை கேட்கிறான்,
வண்டிய வித்தாச்சா?

டானிட்சா சுரங்கத்தில் வெல்டர், இருபத்துமூன்று வயது.
குனிந்து எஞ்சினுக்கடியில் கையை நுழைத்துப் பார்த்தாள்.
"ஒரு சாண்கூட இல்ல.
வழியில ஓணான் தூங்கினாலே வண்டி நின்னுடும்.
இதை மண்ணுல ஓட்டுறதுக்கு
சோபாவுக்குச் செருப்பு மாட்டலாம்."
சரி, மாட்டு என்றேன்.
கூலி இரண்டு பெட்டி பீர்.

சைலன்சரை மேலே தூக்கினோம்.
பின்னால், வேறொரு வண்டியிலிருந்து வந்த நீள ஷாக்குகள்.
பல்லுப் பல்லாய் டயர்,
அது உரசாமலிருக்க மட்கார்டில் பாதி போயிற்று.
எங்கோ முன்னால் கிடந்த கால்மிதிகளை
என் இடுப்புக்கு நேர் கீழே கொண்டுவந்தாள்.
மண்ணில் உட்கார்ந்து ஓட்ட முடியாதாம், நிற்க வேண்டுமாம்.

கழற்றிய குரோமியத்தை வேலியில் மாட்டினேன்.
மறுநாள் இரண்டு கலா கிளிகள்
ஏர்ஃபில்டர் மூடிக்குள் தெரிந்த இரண்டு கலா கிளிகளோடு
சண்டை போட்டுக்கொண்டிருந்தன.
எந்த ஜோடி ஜெயிக்கும் என்று பார்ப்பதற்குள்
தூக்கம் வந்துவிட்டது.

எஞ்சினுக்கடியில் வைக்கத் தகடு கிடைத்தது.
தகட்டைத் தாங்கக் கம்பி இல்லை.
டானிட்சா கொட்டகையைத் துழாவி
சாய்மானத்தை எடுத்தாள்,
சுத்தியலால் தட்டிக் கேட்டாள்.
"நல்ல இரும்பு. அறுக்கவா?"
நான் தலையை ஆட்டினேன்,
ஆமாமும் இல்லாமல், வேண்டாமும் இல்லாமல்
நாம் ஆட்டுவோமே, அப்படி.
அவள் கிரைண்டரைப் போட்டாள்.

மெனிண்டி போகிற வழியில் தாரை விட்டு இறங்கினேன்.
பாலை என்றால் மணல் என்று
எட்டாம் வகுப்பில் எழுதி மார்க் வாங்கியவள்.
இது மணல் இல்லை,
சலித்த மிளகாய்த்தூள்.
முன்சக்கரம் அதில் தன்பாட்டுக்கு ஒரு வழி யோசித்தது.
முதல் தடவை மெதுவாக விழுந்தேன்.
இரண்டாவது தடவை அவ்வளவு மெதுவாக இல்லை.

விழுந்த வண்டியைத் தூக்க
அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி
சீட்டில் இடுப்பை ஊன்றி
குதிகாலால் பின்னே தள்ள வேண்டும்.
பார்க்கிறவர்களுக்கு
சாய்ந்து இளைப்பாறுவது போலிருக்கும்.
பார்த்தது ஒரு ஈமு.
அது எதற்கும் காத்திருக்கவில்லை.

பிறகு ஒரு ஓடைப் பள்ளத்தில்,
நின்றபடி, பரவாயில்லையே என்று நினைத்த நொடியில்
கீழே ணங்கென்று ஒரு சத்தம்.
பல்வரைக்கும் ஏறிய சத்தம்.

எஞ்சினை அணைத்தேன்.
மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்து
விரலால் தடவிப் பார்த்தேன்.
எண்ணெய் இல்லை.
அடி சாய்மானத்தில்தான் பட்டிருக்கிறது.
ஒரு சொட்டை, அதைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட் உரிந்து
இரும்பு பளீரென்று.

போனில் டவர் இல்லை.
வித்தாச்சா என்று யாரும் இங்கே கேட்க முடியாது.
டானிட்சாவிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்,
இடதுபக்க வெல்டு
லேசாக விட்டிருக்கிறது.